படிவத்தில் தொடங்கிய நிலுவை: ரொறன்ரோ சமூக வீடமைப்பில் ஒரு வெளியேற்றமும் அதற்குப் பின் வந்த மாற்றங்களும்

2009 மே மாதம், ரொறன்ரோவில் 82 வயது முதியவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்த அடுக்குமாடி வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். காரணம் வாடகை நிலுவை. வீட்டின் உரிமையாளர் தனியார் அல்லர். நகரத்துக்குச் சொந்தமான ரொறன்ரோ சமூக வீடமைப்பு நிறுவனமே அந்த வீட்டை அவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தது. போக வேறு இடம் இல்லாததால் அவர் அதே கட்டடத்தின் மாடிப்படியில் படுத்தார். பிறகு வீடற்றோர் விடுதிக்குப் போனார். அங்கே தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் இறந்துபோனார்.

அவரை இந்தக் கட்டுரையில் பெயர் சொல்லாமல் முதியவர் என்றே குறிப்பிடுகிறேன். வாடகை நிலுவை பற்றிப் பேசும் எவரும் அவருடைய கோப்பைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. சமூக வீடமைப்பில் நிலுவை எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் அதை நிறுத்தியிருக்கலாம், நிறுத்த வேண்டியவர்கள் ஏன் நிறுத்தவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது.

கட்டாத வாடகையா, கணக்கில் ஏறிய வாடகையா

ரொறன்ரோ சமூக வீடமைப்பு நிறுவனம் 2002-இல் இரண்டு பழைய நிறுவனங்களை இணைத்து உருவாக்கப்பட்டது. வட அமெரிக்காவில் நியூயோர்க் நகர வீடமைப்பு அமைப்புக்கு அடுத்த பெரிய சமூக வீட்டு உரிமையாளர் இதுதான். ஏறத்தாழ 58,000 வீடுகள் இதன் கையில் இருந்தன. குடியிருப்போரில் பெரும்பாலானவர்கள் வருமானத்துக்கு ஏற்ற வாடகை கட்டுபவர்கள். குடும்ப வருமானத்தில் 30 விழுக்காடு வாடகையாகப் போகும். சமூக உதவிப்பணம் பெறுவோருக்குத் தனிக் கட்டண அட்டவணை உண்டு. வீட்டின் முழு வாடகைக்கும் குடியிருப்பவர் கட்டுவதற்கும் இடையிலுள்ள தொகைதான் மானியம்.

மானியம் தானாகத் தொடராது. ஆண்டுக்கு ஒருமுறை வருமான மீளாய்வு நடக்கும். உறை ஒன்றில் படிவம் வரும். வருமானம் எவ்வளவு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வங்கிக் கணக்கில் என்ன இருக்கிறது என்று எழுதி, கையொப்பமிட்டு, சான்றுகளுடன் குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மானியத்துக்கான தகுதி முடிந்ததாகக் கருதப்பட்டு, முழுச் சந்தை வாடகை கணக்கில் ஏறத் தொடங்கும்.

முதியவருக்கு நடந்தது இதுதான். தகுதியை உறுதிப்படுத்தும் படிவம் போய்ச் சேரவில்லை. மானியம் நின்றது. வாடகை உயர்ந்தது. அந்த உயர்வே நிலுவையாக மாறியது. அவருடைய வருமானத்தில் மாற்றம் எதுவும் இல்லை. தகுதியும் உண்மையில் போகவில்லை. தகுதியைக் காட்டும் தாள்தான் வரவில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது முதியவருடைய கணக்கு அன்று, விளங்கிக்கொள்வதற்காக நான் போட்டது. மாத வருமானம் 1,200 டொலர் என்றால் வாடகை 360 டொலர். அதே வீட்டின் சந்தை வாடகை 900 டொலர் என்று வைப்போம். மானியம் நின்ற பிறகும் அவர் வழக்கம்போல் ஒவ்வொரு மாதமும் 360 டொலரைத் தவறாமல் கட்டுகிறார். மாதத்துக்கு 540 டொலர் நிலுவை. ஆறு மாதத்தில் 3,240 டொலர். வாழ்நாளில் ஒருமுறைகூட வாடகை தவறவிடாத மனிதர், பதிவேட்டில் பெரும் கடனாளியாக நிற்கிறார். இந்த 3,240 டொலரை மாதம் 50 டொலராகத் திருப்பிக் கட்டினால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். படிவம் சரி செய்யப்பட்டு, மானியம் பழைய தேதியிலிருந்தே மீண்டும் வழங்கப்பட்டால், முழு நிலுவையும் அன்றைக்கே இல்லாமல் போய்விடும்.

இப்படி ஏறிய நிலுவையையும், வருமானம் கையில் இருந்தும் கட்டாமல் விட்ட நிலுவையையும் ஒரே நிரலில், ஒரே சிவப்பு எழுத்தில் காட்டும் கணக்கு முறைதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் முதல் பிழை. முதலாவதுக்குத் தேவை படிவத்தை நிரப்ப உதவும் ஒருவர். இரண்டாவதுக்குத் தேவை கட்டணத் திட்டம். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைக் கடிதத்தை அனுப்பிவிட்டு, பதில் இல்லை என்று அடுத்த கட்டத்துக்குப் போவது எந்த நோயாளிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதைப் போன்றது.

சட்டத்தின் கடிகாரம்

ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகை வீடுகளை ஆள்வது 2006-ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். வாடகை வழக்கமாக ஒன்றாம் தேதி கட்டப்பட வேண்டும். கட்டாவிட்டால் மறுநாளே உரிமையாளர் என்4 என்ற அறிவித்தலைக் கொடுக்கலாம். அதன் இரண்டாம் பக்கத்தில் சிறிய அட்டவணை இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, விதித்த வாடகை எவ்வளவு, கட்டிய வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று நிரல்கள். முதல் பக்கத்தில் வாடகை ஒப்பந்தம் முடியும் நாள் என்று ஒரு தேதி. மாத வாடகைக்காரருக்கு அது சட்டம் குறிக்கும் குறைந்தபட்ச நாள்களாவது தள்ளி இருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் இன்னும் ஐந்து நாள் சேரும். அந்தத் தேதிக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் அறிவித்தல் செல்லாது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் பலர் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் அது என்று நினைத்துவிடுகிறார்கள். சிலர் பயந்து உண்மையாகவே வெளியேறிவிடுகிறார்கள். வேறு சிலர் அதற்கு எதிர்த்திசையில், இன்னொரு எச்சரிக்கைதானே என்று மேசைமேல் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்து. என்4 வெளியேற்ற உத்தரவு அன்று. அதற்குப் பின் உரிமையாளர், வெளியேற்ற உத்தரவு கேட்கும் எல்1 விண்ணப்பத்தை வீட்டு உரிமையாளர் – வாடகையாளர் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணை நடக்க வேண்டும். உத்தரவு வந்தாலும், அதில் வழக்கமாகக் கொடுக்கப்படும் 11 நாளுக்குள், ஏன் ஷெரிப் (உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரி) வந்து பூட்டை மாற்றும் வரைக்குமே, நிலுவையையும் செலவையும் கட்டி உத்தரவை ரத்தாக்க வழி உண்டு. ஷெரிப்பைத் தவிர வேறு யாரும், உரிமையாளரேயானாலும், குடியிருப்பவரை வெளியே போட முடியாது.

சட்டத்தின் 83-ஆம் பிரிவு, வெளியேற்ற உத்தரவு போடுமுன் எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயத்தைக் கட்டாயப்படுத்துகிறது. வயது, நோய், போக்கிடம் எல்லாம் அதில் வரும். உத்தரவை மறுக்கலாம், தள்ளிப்போடலாம். நல்ல பிரிவு. ஆனால் அதே சட்டத்தில் 203-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. வருமானத்துக்கு ஏற்ற வாடகைக்கு ஒருவர் தகுதியானவரா, அவருடைய வாடகை எவ்வளவு என்று வீடமைப்பு நிறுவனம் எடுத்த முடிவைத் தீர்ப்பாயம் மீளாய்வு செய்யக் கூடாது என்கிறது அது.

இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒருவர் தீர்ப்பாயத்தின் முன் நிற்கிறார். அவருடைய நிலுவை முழுவதும் மானியம் நின்றதால் வந்தது. மானியத்தை நிறுத்தியது சரியா என்பதுதான் அந்த வழக்கின் உயிர்நாடி. அதை மட்டும் அந்த மன்றத்தில் கேட்க முடியாது. கருணை காட்டி அவகாசம் கொடுக்கலாம். மானியத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே ஒரு கோப்பு தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேரும்போது முக்கியமான வாசல் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். தடுப்பு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், அது எல்1-க்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சமூக வீட்டு நிறுவனம் ஒன்றுக்கு நிலுவை வைத்திருப்பவர், அதைத் திருப்பிக் கட்டும் உடன்பாடு ஏதும் செய்யாவிட்டால், மானிய வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் தகுதி பெற முடியாது. ரொறன்ரோவில் அந்தப் பட்டியலில் காத்திருப்பது பல ஆண்டுக் கதை. வீட்டை இழந்தவர் திரும்பி வரும் பாதையையும் சேர்த்தே இழக்கிறார்.

நீதியரசர் பார்த்தது

முதியவரின் மரணம் செய்தியானதும் நிறுவனம் சுயாதீன ஆய்வு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற பிரதம நீதியரசர் பற்றிக் லெசாஜ் அதை நடத்தினார். 2010 மே மாதம் அவருடைய அறிக்கை வெளிவந்தது.

அறிக்கையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்: நிறுவனத்திடம் வெளியேற்றத் தடுப்புக் கொள்கை ஏற்கெனவே இருந்தது. வெளியேற்றம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும், அதற்கு முன் குடியிருப்பவரைத் தொடர்புகொண்டு உதவ வேண்டும் என்றுதான் அந்தக் கொள்கை சொன்னது. அது பின்பற்றப்படவில்லை. கடிதங்கள் போயின, படிவங்கள் போயின. அந்த மனிதருக்கு என்ன சிரமம் என்று எதிரே உட்கார்ந்து கேட்கும் உருப்படியான முயற்சி நடக்கவில்லை. நேரடிச் சந்திப்பின் அவசியத்தை லெசாஜ் அழுத்திச் சொன்னார். நிறுவனத்துக்கு வெளியே நின்று கோப்பைப் பார்க்கக்கூடிய சுயாதீனமான ஒருவர் தேவை என்ற எண்ணமும் இந்த ஆய்வின் வழியாகவே வலுப்பெற்றது.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாடகை வந்தால்தான் மின்தூக்கி ஓடும், கூரை திருத்தப்படும். இந்த நிறுவனத்தின் பத்தாண்டு பழுதுபார்ப்புத் தேவை மட்டும் 2.6 பில்லியன் டொலர் என்று பின்னாளில் கணக்கிடப்பட்டது. நிலுவை பெருகினால் அதன் பாரம் பக்கத்து வீட்டில் ஒழுங்காக வாடகை கட்டும் இன்னொரு ஏழைக் குடும்பத்தின் தலையில்தான் விழும். ஆகவே நிலுவையைக் கண்டுகொள்ளாமல் விடுவது கருணை ஆகாது. அப்படி விட்டால் 300 டொலர் பாக்கி 3,000 ஆகும் வரை யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். தட்டும் நாளில் கையில் இருப்பது எல்1 விண்ணப்பமாகத்தான் இருக்கும். முதல் மாதத்திலேயே தட்டுவது இரு தரப்புக்கும் நல்லது.

ஒருவரை வெளியேற்றுவதால் நிறுவனத்துக்குக் கிடைப்பதும் பெரிதாக இல்லை. வெளியே போன முதியவரிடமிருந்து அந்தப் பணம் வரப்போவதில்லை. வீடு சில காலம் காலியாகக் கிடக்கும், திருத்த வேண்டும், புதியவரை அமர்த்த வேண்டும். விடுதிப் படுக்கைக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் செலவழிப்பது அதே பொதுப்பணம்.

அறிக்கைக்குப் பின்னும் அதே தவறு

லெசாஜ் அறிக்கை வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஜூனில், ரொறன்ரோ நகரின் குறைகேள் அதிகாரி பியோனா கிரீன், நிலுவைக்காக முதியோர் வெளியேற்றப்படுவது பற்றித் தனி விசாரணை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். கொள்கை இன்னும் ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை என்பதுதான் அதன் சாரம். பதிவுகள் குறைபாடாக இருந்தன. முதியோரின் உடல்நிலை, மனநிலை, தனிமை ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல் கோப்புகள் முன்னேறின.

நல்ல கொள்கை இருந்தது, அதை மீறியதால் ஒருவர் இறந்ததும் நாட்டுக்கே தெரிந்தது, முன்னாள் பிரதம நீதியரசர் ஒருவர் எழுதியும் கொடுத்தார். அப்படியிருந்தும் ஏன் மாறவில்லை? எனக்குத் தெரிந்த விடை எளிமையானது. கொள்கையைப் பின்பற்றாவிட்டாலும் கோப்பு முன்னேற முடிந்தது. ஊழியர் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான வீடுகள். நேரில் போய்ப் பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும், கடிதத்துக்கு ஒரு நிமிடம் போதும். இரண்டும் அடுத்த கட்டத்தை ஒரே மாதிரி திறந்துவிடும் என்றால், வேலைப்பளுவில் இருக்கும் எவரும் கடிதத்தையே தேர்ந்தெடுப்பார். ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த இடத்தில்தான் பூட்டு ஒன்று போடப்பட்டது. 2014-இல் வீடமைப்புச் சமத்துவ ஆணையாளர் அலுவலகம் தொடங்கப்பட்டது. நிறுவனத்தின் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல், இயக்குநர் சபைக்கு நேரடியாக அறிக்கை கொடுக்கும் அலுவலகம் அது. 59 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், நோயாலோ இயலாமையாலோ நலிந்த நிலையில் இருப்பவர்கள் ஆகியோரின் நிலுவைக் கோப்புகளை, தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகுமுன் நிறுவனம் இந்த அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

அலுவலகம் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது தணிக்கை: நிறுவன ஊழியர்கள் செய்ய வேண்டிய நேரடித் தொடர்பு, கடிதங்கள், உதவிப் பரிந்துரைகள் எல்லாம் நடந்தனவா என்று கோப்பைப் புரட்டிப் பார்ப்பது. இரண்டாவது, தாங்களே குடியிருப்பவரைத் தேடிப்போய், நிலுவை ஏன் வந்தது என்று கண்டறிந்து, அதைத் தீர்க்கும் வழியைச் சேர்ந்து போடுவது. விடுபட்ட வரிப் படிவத்தைத் தாக்கல் செய்வது, நின்றுபோன ஓய்வூதிய மேலதிகக் கொடுப்பனவை மீட்பது, மானியத்தைத் திரும்பப் பெற விண்ணப்பிப்பது, தாங்கக்கூடிய கட்டண உடன்பாடு செய்வது எல்லாம் இதில் அடங்கும். எவ்வளவு முயன்றும் குடியிருப்பவர் ஒத்துழைக்காவிட்டால், நிறுவனம் சட்டவழியில் போகலாம் என்று அலுவலகம் எழுதிக் கொடுக்கும். அந்தக் கதவும் திறந்திருப்பதால்தான் இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் நம்பகமாக இருக்கிறது.

லெசாஜ் சொன்ன நேரடிச் சந்திப்பு இங்கேதான் விருப்பத் தேர்வு என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்கு வந்தது.

ஸ்கொட்லாந்து இதே சிந்தனையை வேறு வழியில் செயல்படுத்தியது. 2010-ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்படி, 2012 ஓகஸ்டிலிருந்து, சமூக வீட்டு உரிமையாளர் நிலுவைக்காக நீதிமன்றம் போகுமுன் சில கடமைகளை நிறைவேற்றியாக வேண்டும். நிலுவை பற்றித் தெளிவான தகவல் கொடுக்க வேண்டும், வீட்டு உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்க உதவ வேண்டும், நியாயமான கட்டணத் திட்டத்துக்கு முயல வேண்டும். இங்கிலாந்திலும் இதையொத்த வழக்கு முந்தைய நடைமுறை விதிகள் உண்டு. ரொறன்ரோவில் இது நிறுவனத்தின் சொந்த ஏற்பாடாக இருக்கிறது, ஸ்கொட்லாந்தில் சட்டமாக இருக்கிறது. நிறுவனத்தின் ஏற்பாட்டை நாளை இன்னொரு இயக்குநர் சபை மாற்றிவிடலாம்.

கட்டண உடன்பாடு என்னும் கண்ணி

நிலுவையைத் தவணையில் கட்டுவதற்கு உடன்பாடு செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள். எந்த இடத்தில் செய்த உடன்பாடு என்பது முக்கியம்.

நிறுவனத்தின் அலுவலகத்தில் ஊழியருடன் எழுதிக்கொள்ளும் உடன்பாடு ஒரு வகை. அதை மீறினால் நிறுவனம் மறுபடி என்4, எல்1, விசாரணை என்று வர வேண்டும். தீர்ப்பாயத்தில் சமரசமாகச் செய்து உத்தரவாகும் உடன்பாடு இன்னொரு வகை. அதில் 78-ஆம் பிரிவின் நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தால், ஒரு தவணை தவறினாலே போதும். உரிமையாளர் 30 நாளுக்குள் விண்ணப்பித்து, குடியிருப்பவருக்கு முன்னறிவித்தல் கொடுக்காமல், விசாரணையும் இல்லாமல், வெளியேற்ற உத்தரவைப் பெறலாம். உத்தரவு கைக்கு வந்த பிறகு அதை விலக்கக் கோரலாம், அதற்கும் குறுகிய காலக்கெடுதான்.

மேலே போட்ட கணக்கையே பார்ப்போம். 1,200 டொலர் வருமானத்தில் 360 வாடகை போக 840 மிஞ்சும். விசாரணை அன்று பதற்றத்தில் மாதம் 200 டொலர் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் கையில் 640 இருக்கும். சாப்பாடு, மருந்து, தொலைபேசி, பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள். முதல் மாதம் கட்டுவார், இரண்டாம் மாதம் கட்டுவார். குளிர்காலச் சப்பாத்து வாங்க வேண்டிய மாதம் தவறும். அந்த ஒரு தவறுக்கு விலை வீடு. ஆகவே திட்டம் போடுபவர் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு சீக்கிரம் கடன் தீரும் என்பதை அன்று, மிக மோசமான மாதத்திலும் இந்தத் தொகையைக் கட்ட முடியுமா என்பதை. மாதம் 25 டொலர் என்றாலும் அது தவறாமல் வருமானால் அதுவே நல்ல திட்டம். விசாரணை நாளில் இலவசமாக ஆலோசனை தரும் கடமைச் சட்டத்தரணி இருப்பார். அவரிடம் பேசாமல் எதிலும் கையொப்பமிடக் கூடாது என்று நான் சந்திக்கும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். 2020-க்குப் பின் பெரும்பாலான விசாரணைகள் காணொளி வழியாக நடக்கின்றன. கணினி தெரியாத முதியவருக்கு அந்த அறைக்குள் நுழைவதே முதல் தடை.

சமூக உதவிப்பணம் பெறுவோருக்கு வேறு எளிய வழி இருக்கிறது. வீட்டு வாடகைக்கான பகுதியை உதவித் திட்டமே நேரடியாக நிறுவனத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். பணம் கைக்கு வராமல் போவது சிலருக்குத் தன்மானக் குறைவாகப் படுகிறது, அந்த உணர்வை மதிக்க வேண்டும். கட்டாயப்படுத்தாமல், விளக்கிச் சொல்லி, அவர்களே தேர்ந்தெடுக்க விடுவதே முறை.

விதி மாறியதால் குறைந்த நிலுவை

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத மாற்றம் ஒன்று 2020-இல் வந்தது. மானிய வாடகையைக் கணக்கிடும் முறையை ஒன்ராறியோ எளிதாக்கியது. 2021 ஜூலைக்குள், சமூக வீடமைப்பை நடத்தும் எல்லா உள்ளூர் நிர்வாகங்களும் அதற்கு மாற வேண்டியிருந்தது. இப்போது வரி மதிப்பீட்டு அறிவித்தலில் உள்ள நிகர வருமானத்தை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை வாடகை தீர்மானிக்கப்படுகிறது. இடையில் ஒருவருக்கு மேலதிக வேலை நேரம் கிடைத்தால் உடனே வாடகை ஏறாது. வருமானம் 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்தால் இடையிலேயே மறுகணக்குக் கேட்கலாம். முழுநேர மாணவரின் வருமானம் சேர்க்கப்படாது.

முன்பு ஒரு வீட்டில் மகள் பகுதிநேர வேலைக்குப் போனால் அதைச் சொல்ல வேண்டும், வேலை நின்றால் அதையும் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் பழைய மாதங்களுக்கும் சேர்த்து வாடகை பின்னோக்கிக் கணக்கிடப்பட்டு, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான டொலர் நிலுவை முளைத்துவிடும். விதி எளிதானதும் அப்படி முளைக்கும் நிலுவைக்கான காரணங்களில் பெரும் பகுதி நீங்கியது. ஆயிரம் அறிவுரைக் கூட்டங்களால் செய்ய முடியாததைச் சட்ட வரைவில் சில வரிகள் செய்துவிடுகின்றன.

அதே மாற்றம் புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. எல்லாம் இப்போது வரித் தாக்கலில் தொங்குகிறது. வரி தாக்கல் செய்யாதவருக்கு மதிப்பீட்டு அறிவித்தல் வராது. அறிவித்தல் இல்லாவிட்டால் மானிய மீளாய்வு சிக்கும். ஓய்வூதியத்துடன் வரும் உத்தரவாத வருமான மேலதிகக் கொடுப்பனவும் அதே வரித் தாக்கலை நம்பித்தான் ஒவ்வொரு ஜூலையிலும் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு படிவம் தவறினால் வருமானம் குறையும், அதே நேரத்தில் வாடகையும் உயரும். வரி கட்டும் அளவு வருமானம் இல்லை, எதற்குத் தாக்கல் என்று நம் முதியவர்கள் கேட்கிறார்கள். இதற்குத்தான்.

நம் வீடுகளில்

ரொறன்ரோவில், குறிப்பாக ஸ்காபரோவில், சமூக வீடுகளில் கணிசமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தனியாக இருக்கும் முதியோரும் உண்டு. படிவம் நிரப்ப உதவப் போகும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது சமையலறை மேசையின் இழுப்பறை. மின்கட்டணம், கோயில் அழைப்பிதழ், பீட்சா விளம்பரம் இவற்றுக்கு நடுவே நிறுவனத்தின் சின்னம் போட்ட உறைகள் பிரிக்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

"என்ன அம்மா, இதைத் திறக்கவே இல்லையே?" என்று கேட்டால், "மகன் வந்ததும் பார்ப்பான் என்று எடுத்து வைத்திருக்கிறேன் தம்பி" என்பார்கள். மகன் பிரம்டனில் இரண்டு வேலை செய்கிறார். வருவது மாதம் ஒருமுறை. வந்தால் குழந்தைகளும் வருவார்கள், சாப்பாடு, பேச்சு என்று பொழுது போய்விடும். உறை இழுப்பறையில் கிடக்கும். அந்த அம்மா ஒன்றாம் தேதி வாடகையைத் தவறாமல் கட்டுகிறார். தான் ஒழுங்காகக் கட்டுகிறேன் என்பதாலேயே கடிதத்தில் ஆபத்து இருக்கும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

கடன் என்பது நம்மவருக்கு வெட்கம். நிலுவை வந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஊழியர் கதவைத் தட்டினால் திறக்காமல் உள்ளே இருப்பார்கள். கோப்பில் 'தொடர்புகொள்ள முயன்றும் பதில் இல்லை' என்று ஒரு வரி ஏறும். அந்த வரியை ஒத்துழையாமை என்று வாசிக்கலாம். பயம், வெட்கம், மொழி தெரியாமை என்றும் வாசிக்கலாம். எப்படி வாசிக்கிறார்கள் என்பதில் வீடு தங்குவதும் போவதும் இருக்கிறது. கதவடியில் விட்டுப்போகும் சீட்டில் தமிழில் இரண்டு வரி, திருப்பி அழைக்கத் தமிழ் பேசும் ஒருவரின் எண். இவ்வளவு இருந்தாலே பல கதவுகள் திறக்கும்.

இன்னும் மிச்சம் இருப்பவை

2022 ஜூன் 1 முதல் ரொறன்ரோ முதியோர் வீடமைப்பு நிறுவனம் தனியாக இயங்கத் தொடங்கியது. முதியோருக்கென ஒதுக்கப்பட்ட 83 கட்டடங்களும் அவற்றில் வாழும் சுமார் 15,000 பேரும் அதன் பொறுப்பில் வந்தார்கள். குடியிருப்போரைப் பெயர் தெரிந்து அறியும் ஊழியர்கள் ஒரே கட்டடத்தில் தொடர்ந்து இருப்பது நிலுவைத் தடுப்புக்கு மிகப் பெரிய பலம். அந்தத் திசையில் இது நல்ல நகர்வு.

ஆனால் 59 வயது என்ற கோடு எனக்கு நெருடலாகவே இருக்கிறது. 52 வயதில் பக்கவாதம் வந்து கை நடுங்கும் ஒருவர், தம்மை நலிந்தவர் என்று யாராவது அடையாளம் கண்டால்தான் அந்தப் பாதுகாப்புக்குள் வருவார். அடையாளம் காண வேண்டியவர் அதே வேலைப்பளுவில் இருக்கும் ஊழியர். சிறு குழந்தைகளுடன் தனியாக இருக்கும் தாய்க்கும் இதே நிலைதான். நிலுவை மானியம் நின்றதால் வந்தது என்றால், வயதைப் பார்க்காமல் எல்லாக் கோப்புகளும் வெளியார் ஒருவரின் பார்வைக்குப் போக வேண்டும். அந்தக் கோப்புகளைப் பிரித்தெடுப்பது கடினமும் அன்று. மானியம் நின்ற தேதியும் நிலுவை தொடங்கிய தேதியும் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் அந்தக் கோப்பில் என்4 அச்சாகாமல் நிறுத்தி வைக்கலாம்.

203-ஆம் பிரிவும் அப்படியே இருக்கிறது. மானியத் தகுதியைத் தீர்மானிக்கும் வேலையைத் தீர்ப்பாயத்தின் தலையில் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கென்று உள்ளக மீளாய்வு முறை வீடமைப்புச் சேவைகள் சட்டத்தில் இருக்கிறது. அந்த மீளாய்வு நடந்து முடிந்ததா, குடியிருப்பவருக்கு அப்படி ஒரு வழி இருப்பது அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, இல்லை என்றால் எல்1 விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் மட்டும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும். மாகாண சட்டமன்றம் சில வரிகளில் செய்யக்கூடிய திருத்தம் இது.